பலவகைச் செலவுகள்

சேகரத்தில் இருந்து கணக்குப் பார்க்க வந்தவர்
கதிரையை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டார்.
விசிறி சுற்றவில்லை.
முகத்துவாரத்துக் கடற்காற்று எதையும்
இரண்டு வருடத்துக்கு மேல் சுற்ற விடாது.
ஆணி, கீல், பீடத்துப் பித்தளைச் சிலுவை,
எல்லாவற்றிலும் உப்பு.
சுவரில் எழுதியிருந்த வசனத்திலும்
இப்போது ஒரு சொல்தான் மீதி:
'முந்தி.'

வரவுப் பக்கத்தை வேகமாகத் தாண்டினார்.
அதில் தாண்ட அதிகம் இல்லை.
பற்றுப் பக்கத்தில் பென்சில் நின்றது.
"பலவகை என்று போட்டு
பதினோராயிரத்து நானூற்று ஐம்பது.
இது என்ன, பொருளாளர் அம்மா?"

சொன்னேன்.
பெரிய ஆட்களுக்குக் கட்டுகிற பம்பர்ஸ், இரண்டு பொதி.
ஒபேது அண்ணனுக்கு.
எட்டு வருடத்துக்கு முன் வருடாந்தக் கூட்டத்தில்
அறிக்கைக் கொப்பியைக் கிழித்து
என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனவர்.
இப்போது ஒரு பக்கம் விழுந்துவிட்டது.
செவ்வாயும் வெள்ளியும் என் முறை.
திருப்பிப் படுக்க வைக்கும்போது
என்னைத் திட்டத்தான் இன்னும் அந்த வாய் கோணுகிறது.
எனக்கும் கோபம் போகவில்லை.
சுடுதண்ணீரை மட்டும்
முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பூட்டு ஒன்று.
"யாருக்கு?"
பெயர் எழுதவில்லை.
உள்ளே இருந்து பூட்ட வேண்டிய ஒரு வீட்டுக்கு.
அவர் மேலே கேட்கவில்லை.
அதற்கு நன்றி.

ஓட்டோக் கூலி, பெரியாஸ்பத்திரிக்கு, நாலு தரம்.
ஸ்ரீயானியின் மகனுக்கு இரத்தம் மாற்ற.
"இவர்கள் நம்முடைய அங்கத்தவர்களா?"
இல்லை, பன்சலைக்குப் போகிறவர்கள்.
கால்வாய் பெருகிய இரவில்
எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரைத்
தன் மாடித் தட்டில் ஏற்றி வைத்திருந்தவள்.
"ஓ, அதற்குப் பதில் உதவி."
அப்படியும் இல்லை ஐயா.
அதற்கு முதலும் ஏதோ இருந்தது, அதற்கு முதலும்.
யார் முந்தியது என்று
இரண்டு பக்கத்துக்கும் மறந்து போச்சு.

எங்களை நல்ல சபை என்று எழுதிவிட வேண்டாம்.
விசிறிக்குச் சேர்த்த காசில் கை வைத்தேன் என்று
மூன்று குடும்பம் என்னோடு கதைப்பதில்லை.
பாடகர் குழு மேர்சி ரோஸ்லின்
திருவிருந்துக்குக்கூட என் பக்கத்தில்
முழந்தாள் போடமாட்டாள்.
ஆனால் ஒபேது அண்ணனுக்குத் திங்கட்கிழமை அவள்.
ஒரு திங்களும் தவறியதில்லை.
வாளியைக் கழுவிக் கவிழ்த்து,
துவாயைக் காயப்போட்டு,
சவர்க்காரத்தை நனையாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவாள்.
செவ்வாய் வருவது யார் என்று
அவளுக்குத் தெரியும்.

கணக்காய்வாளர் தம்பிரத்தினம்
சிவப்புப் பேனாவைத் திறந்து
ஓரத்தில் எழுதினார்:
பற்றுச்சீட்டு இல்லை.

உண்மைதான்.
பழைய பெட்டி எல்லாம் கொட்டி நானும் தேடினேன்.
நாங்கள் வாங்கினதற்கும்
யாரும் சீட்டுத் தந்ததாகத் தெரியவில்லை,
காசு கேட்டதாகவும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
தேத்தண்ணீர் ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.
குடித்தார். சீனி கேட்டார்.
முடிந்துவிட்டது.

அவர் படலையைத் தாண்டவில்லை, மழை பிடித்தது.
குடையில்லாமல் ஓடி வந்தான் ரெஜினோல்ட்:
"அன்ரி, ஒபேது மாமா
காலையில இருந்து ஒன்றும் தின்னயில்லை.
கதலி வேண்டாமாம். ஆனைவாழைதானாம்."
இந்த மனுசனுக்கு இருக்கிற வாய்.

முந்நூற்று இருபது ரூபா எண்ணிக் கொடுத்தேன்.
கொப்பியைத் திறந்தேன்.
சிவப்பு மை இன்னும் காயவில்லை.
கை படாமல் அதற்குக் கீழே எழுதினேன்:
பலவகை.